ரூபின் தரவு வருகிறது: வெண்குறுமீன் ஆய்வுக்கு இப்போதே தயாராவது எப்படி

"இதுக்குப் பெரிய டெலஸ்கோப் வேணும்லா?" நம்ம திருநெல்வேலியில் வெண்குறுமீன் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருகிற கேள்வி இதுதான். வேண்டாம். டெலஸ்கோப் ஏற்கெனவே இருக்கிறது, சிலி நாட்டின் செரோ பச்சோன் மலைமேல், 8.4 மீட்டர் ஆடியோடு. வேரா ரூபின் ஆய்வகம் என்று பெயர், 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டார்கள். தெற்கு வானம் முழுவதையும் 10 ஆண்டுகளுக்குத் திரும்பத் திரும்பப் படம் எடுப்பதுதான் அதன் வேலை. உங்களுக்கு வேண்டியது ஒரு லேப்டாப், ஓரளவு ஒழுங்காக ஓடும் இணையம், பிளஸ் டூ கணக்கு, கொஞ்சம் பைத்தான், அப்புறம் நிறையப் பொறுமை. பாளையங்கோட்டையிலும் பேட்டையிலும் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிற பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன், ஆனால் பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் வானம் பார்க்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரவு எல்லாம் வந்து சேரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்காராதீர்கள். ஒரு இரவுக்கு 20 டெராபைட் அளவு படம், முழு வேகத்தில் ஓடும்போது ஒரு கோடி அலர்ட் (வானத்தில் இங்கே ஏதோ மாறியிருக்கிறது என்ற உடனடி அறிவிப்பு) என்பது அவர்கள் போட்டிருக்கும் கணக்கு. இன்றைக்கு இலவசமாகக் கிடைக்கிற, விண்மீன்களின் இடத்தையும் தூரத்தையும் அளந்த கையா விண்கலத்தின் தரவிலும், வானத்தைத் திரும்பத் திரும்பப் படம் எடுக்கும் இசட்டிஎஃப் தரவிலும் கை பழகியவர்களுக்குத்தான் அந்த வெள்ளத்தில் எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியும்.

வெண்குறுமீன் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்கிறேன். சூரியனைப் போன்ற, சூரியனைவிட ஏறத்தாழ 8 மடங்கு வரை நிறையுள்ள விண்மீன்கள், எரிபொருள் தீர்ந்து மேலடுக்குகளை உதிர்த்த பிறகு மிஞ்சுகிற உள்ளகம் அது. பூமி அளவு உருண்டைக்குள் சூரியனில் 0.6 பங்கு நிறை, சராசரியாக. உள்ளே எரிவதற்கு ஒன்றும் இல்லை, எலெக்ட்ரான்களின் அழுத்தம்தான் அதைத் தாங்கி நிற்கிறது, அந்த அழுத்தம் 1.4 சூரிய நிறைக்கு மேல் தாங்காது. அதுதான் சந்திரசேகர் வரம்பு. புதிதாக வெப்பம் பிறக்காததால் பல நூறு கோடி ஆண்டுகள் ஆறிக்கொண்டே கிடக்கும், ஆகவே எவ்வளவு ஆறியிருக்கிறது என்று அளந்தால் வயதைச் சொல்லிவிடலாம். பால்வீதியின் வயதைக் கணிக்க இவற்றை இவ்வளவு பேர் துரத்துவது அதனால்தான். இன்னொரு காரணமும் உண்டு. அந்த ஈர்ப்பில் கனமான தனிமங்கள் மேற்பரப்பில் நிற்காது, அமிழ்ந்துபோகும். அப்படியிருந்தும் ஒரு வெண்குறுமீனின் நிறமாலையில் கால்சியமோ இரும்போ தெரிகிறது என்றால், உடைந்துபோன கோளின் துண்டுகள் அதன்மேல் விழுந்துகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். வான் மானன் விண்மீன் என்ற வெண்குறுமீனுக்கு 1917-லேயே நிறமாலை எடுத்தார்கள், அப்படிப்பட்ட கனமான தனிமங்களின் கோடுகள் அதில் இருந்தன, அதன் பொருள் புரியப் பல பத்தாண்டுகள் ஆயிற்று.

முதலில் ஒன்றைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்

கணினிக்கு முன்னால் உட்காருவதற்கு முன் இதைச் செய்துவிடுவது நல்லது. எல்லாரும் சொல்கிற சிரியஸ் பி வேண்டாம், பக்கத்தில் சிரியஸ் கண்ணைக் கூசவைக்கும். 40 எரிடானி போதும். மிருகசீரிடமும் திருவாதிரையும் இருக்கிற ஓரியன் கூட்டத்தைத் தெரியாதவர் இல்லை, அதன் காலடியில் ரிகெல். ரிகெல்லில் இருந்து நேர் மேற்கே 15 டிகிரி போனால் மங்கலாக, 4.4 பொலிவெண்ணில் (இந்த எண் கூடக் கூட மங்கல்) ஒரு விண்மீன் இருக்கும். அதைச் சின்ன டெலஸ்கோப்பில் வைத்தால் 83 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியை 3,600 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு) தள்ளி 9.5 பொலிவெண்ணில் ஒரு புள்ளி தெரியும். அதுதான் வெண்குறுமீன், 16 ஒளியாண்டு தூரம். நம்ம ஊரில் இருந்து பார்த்தால் தலைக்கு நேர் மேலிருந்து தெற்கே 16 டிகிரிதான் சாய்வு. ஜனவரி நடுவில் இரவு 9 மணிவாக்கில் உச்சத்தில் நிற்கும். சொந்தமாக டெலஸ்கோப் இல்லாதவர்கள் கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையத்தில் வான்நோக்கு நிகழ்ச்சி வைக்கிற நாளில் போய், சனிக்கோளைக் காட்டி முடித்த பிறகு, மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

பார்த்த கையோடு ஒரு கணக்கு. தனிப் பொலிவெண் (எல்லா விண்மீனையும் ஒரே தூரத்தில் வைத்தால் தெரியும் பொலிவு) வேண்டுமென்றால், தெரிகிற பொலிவெண்ணோடு 5 கூட்டி, இடமாறு கோணத்தை (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறித் தெரியும் அளவு, கிட்டத்தில் இருந்தால் அதிகம்) ஆர்க் செகண்டில் எழுதி, 10 அடிமானத்தில் மடக்கை எடுத்து, அதை 5 ஆல் பெருக்கி அதையும் கூட்ட வேண்டும். 40 எரிடானிக்கு இடமாறு கோணம் 0.2 ஆர்க் செகண்ட், மடக்கை −0.7, ஆகவே 9.5 + 5 − 3.5 = 11. சூரியனுக்கு இதே எண் 5-க்குக் கொஞ்சம் கீழே வரும். ஆறு எண் வித்தியாசம் என்றால் 250 மடங்கு மங்கல், ஆனால் வெப்பநிலையோ சூரியனைப் போல மூன்று மடங்கு, 17,000 கெல்வின் பக்கம். சூடாக இருந்தும் மங்கலாக இருக்கிறதே, அப்படியானால் உருவம் மிகச் சிறியதாகத்தான் இருக்க முடியும். வெண்குறுமீனைத் தேடுகிற எல்லா முறைக்கும் அடிப்படை இந்த ஒரு வரி நியாயம்தான்.

கையாவில் 100 பார்செக்

கையா விண்கலம் 2013 டிசம்பரில் போய் 2025 ஜனவரியோடு அளவெடுப்பை முடித்துக்கொண்டது. மூன்றாம் வெளியீடு 2022 ஜூனில் வந்தது, நான்காவதை 2026 டிசம்பருக்குத் திட்டமிட்டிருக்கிறார்கள். இப்போதைக்கு மூன்றாவதே உங்களுக்குத் தாராளம்.

டாப்கேட் என்று ஒரு இலவச மென்பொருள், ஜாவா இருந்தால் எந்தப் பழைய லேப்டாப்பிலும் ஓடும். அதிலிருந்தே கையா களஞ்சியத்துக்கு ஏடிக்யூஎல் மொழியில் கேள்வி அனுப்பலாம், எஸ்க்யூஎல் தெரிந்தவருக்கு அரைமணி நேர வேலை. இடமாறு கோணம் 10 மில்லி ஆர்க் செகண்டுக்கு மேல், அதாவது 100 பார்செக்குக்குள் (ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு). கோணம் அதன் பிழையைப் போல 10 மடங்குக்கு மேல். தனிப் பொலிவெண், நிறத்தை 2.6 ஆல் பெருக்கி 10 கூட்டினால் வருகிற எண்ணைவிடப் பெரியது. நிறம் என்பது நீல அளவில் இருந்து சிவப்பு அளவைக் கழித்தது. மூன்று நிபந்தனை, அவ்வளவுதான். பதில் சரியாக 2,000 வரியோடு நின்றுவிட்டால் பிரபஞ்சத்தில் அவ்வளவுதான் இருக்கிறது என்று எண்ண வேண்டாம், அது உடனடிக் கேள்விக்கு உள்ள வரம்பு. அசிங்க்ரனஸ் முறைக்கு மாற்றி, வரம்பையும் கூட்டி மறுபடி அனுப்புங்கள், பத்தாயிரத்தைத் தாண்டி வரும்.

சரி, வந்ததை வரைபடமாகப் போடுங்கள், நிறம் குறுக்கே, தனிப் பொலிவெண் கீழ்நோக்கி. இடது மேலிருந்து வலது கீழாகச் சரிந்து இறங்கும் ஒரு பட்டை தெரியும். உற்றுப் பார்த்தால் அது நடுவில் இரண்டாகப் பிரிவதும் தெரியும், ஹைட்ரஜன் போர்வை உள்ளவை ஒரு பக்கம், ஹீலியம் மிகுந்தவை இன்னொரு பக்கம் என்பது பெரும்பகுதி விளக்கம். பட்டையைக் குறுக்காக வெட்டிக்கொண்டு இன்னொரு கூட்டம் கிடக்கும், அங்கே நிறையப் பேர் வரிசை கட்டி நிற்பது போல. அதுதான் எனக்குப் பிடித்த இடம். ஆறிக்கொண்டு வருகிற வெண்குறுமீனின் உள்ளே இருக்கும் கார்பனும் ஆக்சிஜனும் ஒரு கட்டத்தில் உறைந்து படிகமாகின்றன, உறையும்போது உள்ளுறை வெப்பம் வெளிவருகிறது, அந்த வெப்பத்தால் ஆறுவது தாமதமாகிறது, தாமதமானால் அந்த இடத்தில் கூட்டம் சேர்கிறது. 1968-ல் வான் ஹார்ன் தாளில் எழுதியதை 2019-ல் டிரம்ப்ளே குழு கையா தரவில் காட்டியது. அதே படத்தை நீங்கள் அம்பாசமுத்திரத்தில் ஒரு மத்தியானத்தில் வரைந்துவிடலாம் என்பதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் வரைந்து பார்க்கிறவரை யாரும் நம்புவதில்லை.

வரைந்த பிறகுதான் உண்மையான வேலை, களையெடுப்பு. பட்டைக்கும், சாதாரண விண்மீன்கள் நிற்கும் முதன்மை வரிசைக்கும் நடுவில் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். சில உண்மையான இரட்டைகள், ஒரு வெண்குறுமீனும் ஒரு செங்குறுமீனும் (சின்ன, சிவந்த சாதாரண விண்மீன்) சேர்ந்து ஒரே புள்ளியாகத் தெரிபவை. பல வெறும் குப்பை. கையாவின் நீல, சிவப்பு அளவுகள் சில ஆர்க் செகண்ட் அகலமுள்ள சன்னலில் எடுக்கப்பட்டவை, அந்தச் சன்னலுக்குள் பக்கத்து விண்மீன் எட்டிப் பார்த்தால் நிறம் கெட்டுப்போகும், தனுசு ராசிப் பக்கம், பால்வீதியின் மையத்தில், இந்தக் கோளாறு அதிகம். அதற்கென்று பட்டியலிலேயே ஒரு உபரி ஒளிக் காரணி கொடுத்திருக்கிறார்கள், அதைப் பாருங்கள். இடப் பொருத்தம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று சொல்லும் ரூவி என்ற எண் 1.4-க்கு மேல் போனாலும் சந்தேகப்படுங்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டாதீர்கள், ஏனென்றால் நெருங்கிய இரட்டைகளுக்கும் அது உயரும், அவற்றையும் சேர்த்து வீசிவிட்டால் கதையின் நல்ல பாதி போச்சு.

உங்கள் பட்டியல் தயாரானதும் ஜென்டிலே ஃபுசில்லோ குழு 2021-ல் வெளியிட்ட பட்டியலோடு ஒப்பிடுங்கள். அதில் நம்பகமானவை மட்டும் ஏறத்தாழ 3,59,000, ஒவ்வொன்றுக்கும் வெண்குறுமீனாக இருப்பதற்கான நிகழ்தகவு, வெப்பநிலை, நிறை எல்லாம் ஹைட்ரஜன் மாதிரிக்கு ஒன்று, ஹீலியம் மாதிரிக்கு ஒன்று என்று கொடுத்திருக்கிறார்கள். விசியர் என்ற வானியல் பட்டியல் தளத்தில் இலவசம். அவர்களிடம் இருந்து உங்களிடம் இல்லாதவை எவை, உங்களிடம் இருந்து அவர்களிடம் இல்லாதவை எவை என்று இரண்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து, அலாடின் என்ற வான்பட மென்பொருளில் படம் பார்த்து, காரணம் எழுதுங்கள். அலுப்பான வேலைதான். நேராக நியூரல் நெட்வொர்க் போட்டுவிடலாமே என்று கேட்கிற தம்பிகளுக்கும் இதே பதில், ஐந்நூறு குப்பையைக் கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் வாருங்கள், எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அப்போது தெரியும்.

கையாவுக்கு எட்டாத ஆழத்தில்

கையா 21 பொலிவெண் அருகே கை விரித்துவிடும். ரூபின் ஒரே ஒரு 30 நொடிப் படத்தில் 24.5 வரை போகும், 25 மடங்கு மங்கலானது வரை. பழைய, ஆறிப்போன வெண்குறுமீனின் தனிப் பொலிவெண்ணை 15 என்று வைத்துக்கொண்டால், 20.5 வரை பார்த்தால் 126 பார்செக் தூரம்தான், 24.5 வரை பார்த்தால் 790 பார்செக். ரூபின் ஒரு கோடிக்கும் மேல் வெண்குறுமீன்களைப் பார்க்கும் என்ற மதிப்பீடுகளுக்கு அடியில் இருப்பது இந்த எளிய கணக்கு. இன்னொரு பக்கம், 16 பொலிவெண்ணைவிடப் பிரகாசமானவை ரூபினில் வெளுத்துப்போகும், ஆகவே நம்ம 40 எரிடானியை அங்கே தேடிப் பயனில்லை.

அந்த ஆழத்தில் நல்ல இடமாறு கோணம் கிடைக்காது. ஆனால் சொந்த நகர்வு கிடைக்கும், 10 ஆண்டு முடிவில் 24 பொலிவெண்ணிலும் ஆண்டுக்கு 1 மில்லி ஆர்க் செகண்ட் துல்லியம் என்பது திட்டம். அதனால் பழைய காலத்து முறை ஒன்று மறுபடி உயிர் பெறுகிறது. தனிப் பொலிவெண் சூத்திரத்தில் இடமாறு கோணத்துக்குப் பதிலாக ஆண்டுக்கு எத்தனை ஆர்க் செகண்ட் நகர்கிறது என்பதைப் போட்டுவிடுங்கள். கிட்டத்தில் இருப்பது பொதுவாக வேகமாக நகரும் என்ற நியாயத்தில், அந்த எண் தனிப் பொலிவெண்ணுக்கு மாற்றாக ஓரளவு வேலை செய்யும். இதற்கு நல்ல பயிற்சி ஒன்று சொல்கிறேன். கையாவில் வானத்தின் ஒரு துண்டை எடுத்து, இடமாறு கோணப் பத்தியை மறைத்துவிட்டு, நிறமும் நகர்வும் மட்டும் வைத்து வெண்குறுமீன்களைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் மறைத்ததைத் திறந்து எத்தனை தப்பு என்று எண்ணுங்கள். பால்வீதியின் ஒளிவட்டத்தைச் சேர்ந்த, உலோகம் குறைந்த, தலைதெறிக்க ஓடும் மங்கலான விண்மீன்கள்தான் அதிகம் ஏமாற்றும். குவேசார்கள் (மிகத் தொலைவில் உள்ள விண்மீன் மண்டலங்களின் ஒளிரும் மையங்கள்) நிறத்தில் சூடான வெண்குறுமீன் போலவே இருக்கும், ஆனால் துளியும் நகராது, ஆகவே அவை சீக்கிரம் மாட்டிக்கொள்ளும்.

ரூபினின் ஆறு நிற வடிகட்டிகள், புறஊதாப் பக்கத்தில் இருந்து அகச்சிவப்புப் பக்கம் வரை, யு, ஜி, ஆர், ஐ, இசட், வை. இதில் யு பட்டைக்கு மரியாதை கொடுங்கள். ஓரளவு சூடான ஹைட்ரஜன் வெண்குறுமீனில் புறஊதாவை ஒட்டிய ஒளியில் ஒரு படி இறக்கம் உண்டு, ஹீலியத்தில் இல்லை, யு கழித்தல் ஜி-யை ஜி கழித்தல் ஆர்-க்கு எதிரே வரைந்தால் இரண்டும் பிரிந்து நிற்கும். எதிர்முனையில் வை. மிகவும் ஆறிய ஹைட்ரஜன் வெண்குறுமீனில் மூலக்கூறுகள் மோதி அகச்சிவப்பை விழுங்கிவிடும், அதனால் ஆற ஆறச் சிவப்பாவதை விட்டுவிட்டு நீலப் பக்கம் திரும்பும். வயதான வெண்குறுமீன் தேடுகிறவர்கள் சிவப்பாக இருப்பதை மட்டும் பொறுக்கினால் மிகப் பழையவையே தவறிப்போகும். இந்த இடத்தில் யூக்ளிடும், வரப்போகிற ரோமன் விண்தொலைநோக்கியும் அகச்சிவப்பில் கைகொடுக்கும். யூக்ளிட் 2023 ஜூலையில் போயாயிற்று. அகச்சிவப்பில் எதிர்பார்த்ததைவிட அதிக ஒளி வந்தால் சுற்றிலும் தூசித் தட்டோ பழுப்புக் குறுமீன் துணையோ இருக்கலாம்.

நிறமாலை இல்லாமல் எதையும் அடித்துச் சொல்ல முடியாது, அதற்கு டெசி, வீவ், ஃபோர்மோஸ்ட் என்று ஆயிரக்கணக்கில் ஒளியிழைகள் வைத்து ஒரே நேரத்தில் பலவற்றுக்கு நிறமாலை எடுக்கும் கருவிகள் இருக்கின்றன. டெசியின் முதல் வெளியீடு 2025 மார்ச்சில் பொதுவில் வந்துவிட்டது, உங்கள் பட்டியலில் எதற்காவது நிறமாலை ஏற்கெனவே எடுத்திருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள்.

அலர்ட் எல்லாருக்கும், படம் எல்லாருக்கும் இல்லை

ரூபினின் முழுத் தரவு வெளியீடுகள் முதல் 2 ஆண்டுக்கு உரிமை பெற்றவர்களுக்கு மட்டும். அந்த உரிமைக்கு வழி இருக்கிறதா என்று உங்கள் துறைப் பேராசிரியரிடம் கேளுங்கள், அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களும் அங்கேயே விசாரித்துவிடுங்கள். இல்லை என்றாலும் முகம் வாட வேண்டாம், அலர்ட் உலகத்துக்கே திறந்தது. லசேர், ஃபிங்க், அலெர்சே போன்ற தரகர் தளங்கள் அவற்றை வாங்கி வகைப்படுத்தித் தருகின்றன. லசேரில் கணக்குத் தொடங்கி, கண்காணிப்புப் பட்டியல் என்று உங்கள் வெண்குறுமீன்களின் ஆயத்தொலைவுகளை ஏற்றிவிட்டால், அவற்றில் எதாவது மாறும்போது உங்களுக்குத் தகவல் வரும். கையாவில் களையெடுத்துச் செய்த பட்டியல் இங்கேதான் காசாகிறது.

ஆனால் அலர்ட் எப்படிப் பிறக்கிறது என்று புரியாமல் அதை நம்பக் கூடாது. புதுப் படத்தில் இருந்து பழைய சராசரிப் படத்தைக் கழிக்கிறார்கள், மிச்சத்தில் ஏதாவது துருத்திக்கொண்டு இருந்தால் அலர்ட். ஒளி மாறாமல், நகராமல் சும்மா கிடக்கிற வெண்குறுமீன் அலர்ட்டில் வராது. வேறொன்று குறுக்கே வந்து மறைப்பு நடந்தால் கழித்த படத்தில் குழி விழும், எதிர்மறை ஒளி என்று குறிக்கப்படும், அலர்ட்டைப் பொறுக்கப் பலர் எழுதும் நிரல்கள் சூப்பர்நோவாவை (விண்மீன் வெடிப்பை) நினைத்து நேர்மறையை மட்டும் எடுப்பதால் இவை கண்ணில் படாமலே போகும். அப்புறம் ஒரு பெரிய தொல்லை: வேகமாக நகரும் விண்மீன் பழைய படத்தில் ஒரு இடத்திலும் புதுப் படத்தில் சற்றுத் தள்ளியும் இருப்பதால், கழித்தால் வெள்ளையும் கறுப்பும் ஒட்டிய ஜோடியாகத் தெரியும். பக்கத்து வெண்குறுமீன்கள் பெரும்பாலும் வேகமாக நகர்பவை. ஆகவே உங்கள் பட்டியலுக்கு வரும் அலர்ட்டில் கணிசமானவை இந்த ஜோடிகளாக இருக்கலாம், அந்தச் சின்னப் படத்தைத் திறந்து பார்க்காமல் யாருக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிடாதீர்கள்.

எட்டு நிமிடத்தைப் பிடிப்பது

மாறுகிற வெண்குறுமீன்கள்தான் எனக்கு ஆசை, அதனால் இதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

டபிள்யூடி 1856 என்ற வெண்குறுமீனை வியாழன் அளவுள்ள கோள் ஒன்று 1.4 நாளுக்கு ஒருமுறை சுற்றுவதாக 2020-ல் அறிவித்தார்கள். கோள் குறுக்கே போக 8 நிமிடம், அந்த நேரத்தில் ஒளி பாதிக்கும் மேல் குறைகிறது. இப்படி ஒன்று ரூபின் வானத்தில் இருந்தால் என்ன ஆகும்? சுற்றுக்காலம் ஏறத்தாழ 2,030 நிமிடம், அதில் 8 நிமிடம் என்பது 0.4 சதவீதம். ஒரு இடத்தை ரூபின் 10 ஆண்டில் 800 தடவை பார்க்கும் என்றால், அதில் 3 தடவைதான் மறைப்புக்குள் விழும். பத்து ஆண்டுக்கு மூன்று புள்ளி! அதுவும் வெவ்வேறு வடிகட்டியில். ஒப்பிட என்என் செர்பென்டிஸ் என்ற இரட்டையை எடுங்கள், 3 மணி 7 நிமிடத்துக்கு ஒருமுறை செங்குறுமீன் வந்து வெண்குறுமீனை ஏறத்தாழ 10 நிமிடம் மூடிவிடும். அது நேரத்தில் 5 சதவீதம், 800-ல் 40 புள்ளி, வசதியாகக் கண்டுபிடித்துவிடலாம். ஆக எந்த வகைப் பொருளை ரூபின் தனியாகவே கண்டுபிடிக்கும், எதற்கு அலர்ட் வந்த உடனே வேறொருவர் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பது இந்த வகுத்தலிலேயே தெரிந்துவிடுகிறது. எதைத் தேடப் போகிறீர்களோ அதற்கு முதலில் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

பயிற்சிக்கு இசட்டிஎஃப். கலிபோர்னியாவின் பலோமார் மலையில் 48 அங்குலத் தொலைநோக்கி, 2018-ல் இருந்து 30 நொடிப் படங்கள், 20.5 பொலிவெண் வரை, வடக்கு வானம். என்என் செர்பென்டிஸின் ஒளிவளைவை (எந்த நேரத்தில் எவ்வளவு பொலிவு என்ற பட்டியலை) இறக்கி, நேரத்தை மேலே சொன்ன சுற்றுக்காலத்தால் வகுத்து மீதியை மட்டும் வைத்து மடித்து வரையுங்கள், சுற்றுக்காலத்தைத் தசமத்தில் 0.13008 நாள் என்று வைத்துத் தொடங்கலாம். மறைப்பு வரவேண்டிய இடத்தில் ஆழமான குழி இருக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள், அங்கே புள்ளிகளே இல்லாமல் வெறும் இடைவெளியாக இருந்தால் பயப்படாதீர்கள். பொதுக் கோப்பில் கண்டறிந்த அளவுகள் மட்டும்தான் இருக்கும், விண்மீன் மறைந்த நேரத்தில் கண்டறிய ஒன்றுமில்லை, அதனால் வரியும் இல்லை. இதைச் சரிசெய்யக் கட்டாய ஒளியளவு என்ற சேவை இருக்கிறது, விண்மீன் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அந்த இடத்தில் அளந்து, முடிவை மின்னஞ்சலில் அனுப்புவார்கள். ரூபின் தரவிலும் இதே வகை அளவைத்தான் தேட வேண்டும்.

சுற்றுக்காலம் தெரியாதபோது லோம்ப்-ஸ்கார்கிள் முறை அலைபோல மாறுவதற்கு நல்லது, பெட்டிபோல விழும் மறைப்புக்கு அதற்கென்று உள்ள பெட்டித் தேடல் நல்லது. இரண்டும் ஆஸ்ட்ரோபை என்ற பைத்தான் தொகுப்பில் இருக்கின்றன. ஒரு நாள், அரை நாள், ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு என்று அழகான விடை வந்தால் சந்தோஷப்படாதீர்கள், அது பூமி சுற்றுவதைத்தான் நீங்கள் அளந்திருக்கிறீர்கள் என்பதற்கு அடையாளம்.

அடிக்கடி பார்க்கிற ஆழ்புலங்கள் என்று சில இடங்களை ரூபின் தனியாக வைத்திருக்கிறது, அங்கே புள்ளிகள் மிக நெருக்கமாக வரும். அதில் ஒன்றின் பெயர் விரிவுபட்ட சந்திரா தென் ஆழ்புலம். சந்திரா என்பது எக்ஸ்கதிர் விண்கலம், அதற்கு அந்தப் பெயர் வைத்தது 1930-ல் சென்னையில் படிப்பை முடித்து, 19 வயதில் கப்பலில் இங்கிலாந்து போகிற வழியில் வெண்குறுமீனுக்கு எடை வரம்பு கணக்குப் போட்ட சந்திரசேகர் நினைவாகத்தான். வெண்குறுமீன் தேட அந்தப் புலத்திலேயே தொடங்குவதில் எனக்கு ஒரு தனித் திருப்தி.

நம்ம ஊர் வானத்துக்கு உள்ள வசதி

திருநெல்வேலி 8.7 டிகிரி வடக்கில் இருக்கிறது. கணக்குப்படி, வான நடுக்கோட்டில் இருந்து தெற்கே எண்ணினால் −81 டிகிரி வரை தொடுவானத்துக்கு மேலே வரும், அதாவது ரூபின் பார்க்கிற வானத்தில் தென்துருவ ஓரம் தவிர மற்ற எல்லாம் நமக்கும் உதிக்கும். லடாக்கின் ஹான்லேயில் நல்ல தொலைநோக்கிகள் இருந்தாலும், அங்கிருந்து −57-க்குத் தெற்கே கணக்கிலேயே கிடையாது. அப்புறம் நேரம். சிலியில் விடியும்போது இங்கே பிற்பகல் 3 மணிவாக்கு. அவர்கள் முடித்து நாலைந்து மணி நேரத்தில் நமக்கு இருட்டிவிடுகிறது, ராத்திரி வந்த அலர்ட்டைச் சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே பொறுக்கி வைத்துவிட்டு மாடி ஏறலாம்.

எட்டு அங்குல டெலஸ்கோப்பும் குளிரூட்டிய சீமாஸ் கேமராவும் இருந்தால் 17 பொலிவெண் வரை முயலலாம். குளிரூட்டாத கேமராவில் நம்ம ஊர் இரவு வெப்பத்துக்கு இரைச்சல்தான் மிஞ்சும். என்என் செர்பென்டிஸ் 16.6, ஏப்ரல், மே இரவுகளில் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே வருகிறது, மறைப்பின்போது படத்தில் இருந்தே காணாமல் போகும், தொடங்க இதைவிட நல்ல பொருள் இல்லை. உடைந்துகொண்டிருக்கும் சிறுகோளின் தூசி 4.5 மணிக்கு ஒருமுறை மறைப்பதாக 2015-ல் தெரியவந்த டபிள்யூடி 1145, மார்ச் நடுராத்திரியில் உச்சத்தில் நிற்கும், ஆனால் அதன் ஆட்டம் இப்போது வெகுவாக அடங்கிவிட்டது, மறுபடி தொடங்குகிறதா என்று எப்போதாவது எட்டிப் பார்க்கலாம். டபிள்யூடி 1856 வடக்கே பாதி உயரத்தில், அதுவும் ஆனி ஆடியில் வருகிறது, அந்த மாதங்களில் நமக்கு என்ன வானம் கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. குற்றாலத்தில் சாரல் என்றால் இங்கே மழை இல்லாவிட்டாலும் மேகமும் காற்றும் உண்டு, பணகுடி, வள்ளியூர் பக்கம் காற்றாலை சுற்றுகிற வேகத்தில் டெலஸ்கோப் ஒரு நிமிடம் சும்மா நிற்காது. ஐப்பசி கார்த்திகை வடகிழக்குப் பருவமழை. ஆகத் தை பிறந்து சித்திரை வரைதான் நம்ம பருவம்.

இடம் என்று பார்த்தால் மணிமுத்தாறு, பாபநாசம் பக்கம் இருட்டு நன்றாக இருக்கும், ஆனால் மேற்கு வானத்தை மலை விழுங்கிவிடும், மேகமும் அங்கேதான் முதலில் ஒட்டும். நாங்குநேரி, திசையன்விளைப் பக்கம் நாலு திசையும் திறந்து கிடக்கிறது. மொட்டைமாடியில் வைத்தால் பகலெல்லாம் குடித்த வெயிலைக் கான்கிரீட் நடுராத்திரி வரை கக்கும், விண்மீன் நீரில் விழுந்தது போல ஆடும், தோட்டத்து மண்தரை மேல்.

கடைசியாக நேரம் குறிப்பது, இதில்தான் நல்ல அளவுகள் வீணாகின்றன. லேப்டாப் கடிகாரத்தை இணைய நேரத்தோடு ஒவ்வொரு இரவும் சரிபாருங்கள். பூமி சூரியனைச் சுற்றுவதால், ஒரே நிகழ்வின் ஒளி ஆண்டின் ஒரு சமயத்தில் 8 நிமிடம் முன்னதாகவும் இன்னொரு சமயத்தில் 8 நிமிடம் தாமதமாகவும் வந்து சேரலாம், மறைப்பே 8 நிமிடம் என்றால் இந்தத் திருத்தம் இல்லாமல் மடித்து வரைவது வீண். சூரியக் குடும்பத்தின் நிறை மையத்துக்கு நேரத்தை மாற்றிக்கொள்ள ஆஸ்ட்ரோபையில் சில வரிகள் போதும், திருநெல்வேலியின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுக்க மறக்காதீர்கள். ரூபின் அலர்ட்டில் வருகிற நேரம் அணுக் கடிகார நேரம், நாம் பயன்படுத்தும் உலக நேரத்தைவிட 37 நொடி முந்தியது. இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து வைக்காமல், எந்த வரி எந்த நேரமுறை என்று கோப்பின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.